குண்டின் வேகத்தை அளந்தவர்

ஆம்பூர் என்றதும் உங்களுக்குத் தோல் ஷாப்புகள் நினைவுக்கு வரும், பிரியாணியும் வரலாம். 1749 ஆகஸ்டு 3இல் அங்கு நடந்த போரில், யானைமீதிருந்த ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து மாண்டார். அக்குண்டின் வேகம் என்ன? சுட்டவனுக்கே தெரியாது. ஆனால் அதை அளக்கும் முறையை வகுத்தவர் அடுத்த ஆண்டே நம் கரைக்கு வந்தார்.

அவர் பெஞ்சமின் ராபின்ஸ். கோட்டைகளைச் சீரமைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய பொறியாளர். ஊசல்போல் தொங்கும் கனத்த மரப்பலகைமீது சுட்டு, அது எவ்வளவு பின்னே ஆடுகிறது என்பதிலிருந்து அவர் வேகத்தைக் கணித்தார். நொடிக்கு 1,700 அடி வேகத்தில் 45 பாகைச் சாய்வில் புறப்படும் குண்டு, காற்றே இல்லாவிட்டால் 17 மைல் செல்ல வேண்டும். உண்மையில் அது அரை மைலைக்கூட எட்டுவதில்லை! தொடக்கத்தில் காற்றுத்தடை குண்டின் எடையைப்போல் சுமார் 120 மடங்கு என்றார் ராபின்ஸ். அற்பம் என்று பலரும் ஒதுக்கிய தடை அது. 1742இல் வெளிவந்த அந்நூலைக் கணித மேதை ஆய்லரே ஜெர்மனில் பெயர்த்தார். ராபின்ஸ் 1751 ஜூலையில், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையில், 44ஆம் வயதில் காய்ச்சலால் இறந்தார்.

இன்று நெடுந்தூர இலக்கைச் சுடுவோர்க்குக் கைப்பேசிச் செயலியே அக்கணக்கைப் போட்டுத் தருகிறது. ஆனால் குண்டின் வேகத்தை நீங்கள்தான் அளந்து தரவேண்டும். மார்கழிக் காலையில் அளந்ததை வேலூரின் கத்திரி வெயிலிலும் அப்படியே கொடுத்தால்? வெப்பத்தில் மருந்து வேகமாக எரிவதால் குண்டின் வேகம் கூடியிருக்கும். செயலி தயங்காமல் விடை சொல்லும்; குண்டோ இலக்குக்கு மேலே பறக்கும்.