நாளும் ஆளும்: 1955 செப்டம்பர் 22, மாலை 6.45

பிபிசியின் லைட் புரோகிராமில் அன்று ஒலித்த ‘தி ஆர்ச்சர்ஸ்’ நாடகத் தொடரின் பகுதி பதினைந்தே நிமிடம். கதையில், கிரே கேபிள்ஸ் மாளிகையின் குதிரை லாயத்தில் தீப்பிடிக்கிறது. மிட்நைட் என்ற குதிரையை மீட்க உள்ளே ஓடிய கிரேஸ் மீது உத்தரம் சரிகிறது. மருத்துவமனைக்குப் போகும் வழியில், கணவன் பிலின் கைகளிலேயே அவள் உயிர் பிரிகிறது. இருவருக்கும் மணமானது அந்த ஏப்ரலில்தான். கேட்டவர்கள் சுமார் 2 கோடிப் பேர் என்பது அன்றைய மதிப்பீடு.

அதே மாலை 7.15க்கு லண்டனில் வணிகத் தொலைக்காட்சியான ஐடிவி பிறந்தது. புதிய திரைக்குப் போகவிருந்த கூட்டத்தை வானொலி மடக்கிப் பிடித்ததாகவே இதுவரையான ஆய்வுப் போக்கு இந்நாளை வாசித்து வந்திருக்கிறது. இந்த வாசிப்புக்குக் கடிகாரமே ஒத்துழைக்கவில்லை. நாடகம் ஏழு மணிக்கு முடிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டியைத் திருப்பக் கால்மணி நேரம் மிச்சமிருந்தது. ஐடிவியின் அலையோ லண்டனையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. அங்கும் பழைய பெட்டியை மாற்றியமைத்துப் புது ஆன்டெனா பொருத்தியவர்களுக்கே அது தெரிந்தது. 1500 மீட்டர் நெட்டலையில் கிரேஸின் சாவைக் கேட்ட யார்க்‌ஷயர்க்காரர் எப்படியும் ஐடிவியைப் பார்த்திருக்க முடியாது. போக வழியே இல்லாதவரை எதற்காக மறிப்பது?

ஆகவே சான்றைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. சான்று, லைட் புரோகிராம் நிர்வாகம் முன்கூட்டியே எழுதிய ஓர் அலுவலகக் குறிப்பு. லண்டனில் வணிகத் தொலைக்காட்சி தொடங்குவதன் மீதான ஆர்வம் குறையும்படி, இயன்றால் அந்த வேளையில், தொடரில் ஒரு கோர மரணம் நிகழலாம் என்பது அதன் சாரம். குறைக்கப்பட வேண்டியது ஆர்வம். பார்வையாளர் எண்ணிக்கை பற்றி அதில் பேச்சில்லை. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று தயங்குவது நியாயமே. ஆனால் பதிவு நடந்த விதமும் அதே பக்கம்தான் கைகாட்டுகிறது. வழக்கத்துக்கு மாறாக, ஒலிபரப்பு நாளன்றே லண்டனில் பதிவு செய்தார்கள். நடப்புச் செய்தியைக் கதையில் சேர்க்கும் பரிசோதனை என்று நடிகர்களிடம் சொல்லிவைத்தார்கள். கூட்டம் சேர்ப்பதுதான் நோக்கமென்றால் முன்பே கசியவிட்டிருப்பார்கள். மூடிவைத்த ரகசியம் ஆள் திரட்டாது; மறுநாள் காலைப் பத்திரிகையில்தான் வெடிக்கும். அப்படியே வெடித்தது. ஐடிவியின் கில்டுஹால் தொடக்க விழாவும், பனிக்கட்டிக்குள் செருகி 8.12க்குக் காட்டிய அதன் முதல் விளம்பரமான கிப்ஸ் எஸ்ஆர் பற்பசையும், முதல் பக்கத்தில் எரிந்த லாயத்தோடு இடத்துக்கு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

சாவும் ஐடிவியின் தொடக்கமும் ஒரே நாளில் வந்தது தற்செயல் என்ற பழைய மறுப்புக்கு இங்கே இடம் ஒதுக்கத் தேவையில்லை. அந்தக் குறிப்பு ஒன்றே போதும்.

கிரேஸாக நடித்த யிசான் சர்ச்மன் சொன்ன காரணம் வேறு. ஆண் நடிகர்களுக்கு இணையான ஊதியம் கேட்டதற்காகவும், எக்விட்டி நடிகர் சங்கத்தை நாடியதற்காகவும் தொடரின் ஆசிரியர் காட்ஃப்ரி பேஸ்லி தன்னை வெளியேற்றினார் என்று பிற்காலத்தில் அவர் கூறினார். பாதிக்கப்பட்டவரின் நினைவு என்று சொல்லி இதை ஒதுக்குவது எளிது. ஐடிவிக் கதை இருக்கும்போது இது எதற்கு என்றும் கேட்கலாம். ஆனால் ஐடிவிக் கதை விடை சொல்வது ‘எப்போது’ என்பதற்கு மட்டும்தான். சாக வேண்டியது கிரேஸ்தான் என்பதற்கு வணிகத் தொலைக்காட்சியில் எந்தக் காரணமும் இல்லை. கதை நடக்கும் ஆம்பிரிட்ஜ் கிராமத்தில் கேட்பவர்கள் நேசித்த வேறு பாத்திரங்களும் இருந்தன. நாளைக் குறித்தது லண்டன் நிர்வாகம். கதையையும் நடிகர்களையும் கையில் வைத்திருந்தது, தொடரைத் தயாரித்த பர்மிங்காம். அங்கே பேஸ்லியின் சொல்லுக்குத் தனி எடை. சர்ச்மனின் கூற்றை இந்த வேலைப் பிரிவினையில் வைத்துப் பார்த்தால் அது குறிப்போடு எங்கும் மோதவில்லை. குறிப்பு பேசாமல் விட்ட இடத்திலிருந்துதான் அவர் பேசத் தொடங்குகிறார்.