அளவு பிசகாத பாலங்கள்: சிறு உருக்களும் விடுபட்ட தோள்களும்

கடையில் பெட்டி வாங்கி, உள்ளே இருக்கும் பாகங்களை ஒட்டி ஒரு டாங்கியைச் செய்து அலமாரியில் வைப்பது ஒரு வகை. பெட்டி என்ற ஒன்றே இல்லாமல் பிளாஸ்டிக் தகட்டையும் பித்தளைக் கம்பியையும் மரச் சீவலையும் அறுத்து, ராவி, ஒட்டி, முழு உருவையும் கையாலேயே எழுப்புவது இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைக்காரர்களில் சிலர் ஆண்டுக்கணக்கில் ஒரே வேலையாக இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் ஆறுகளைக் கடக்க வைத்திருந்த பாலக் கருவிகளை 35இல் ஒரு பங்காகவோ 72இல் ஒரு பங்காகவோ சுருக்கிச் செய்கிறார்கள். டாங்கிக்குப் பெட்டி கிடைக்கும். பாலத்துக்குக் கிடைப்பது அரிது. ஆகவே பழைய ராணுவக் கையேடுகள், கைப்பற்றப்பட்ட கருவிகளை நேச நாடுகள் அளந்து வெளியிட்ட அறிக்கைகள், புகைப்படங்கள் என்று தேடித் தேடி அளவு எடுக்கிறார்கள். ரிவெட்டைக்கூட எண்ணுகிறார்கள்.

பொம்மை விளையாட்டுதானே என்று நாம் விட்டுவிடலாம். ஆனால் ‘பிசகில்லாத அளவு’ என்பதை வரலாற்றின் உண்மை என்று நம்பும் ஒரு சொல்லாடல் இதற்குள் இயங்குகிறது. அது பொம்மைக்காரர்களோடு நிற்பதில்லை. போர் நினைவுச் சின்னம், அருங்காட்சியகம், சினிமா என்று எல்லாவற்றிலும் அதுதான் பேசுகிறது. எனவே அந்த அளவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

ஜெர்மானியர்கள் ‘பி’ என்று பெயரிட்ட பாலக் கருவியை எடுத்துக்கொள்வோம். இரும்பால் ஆன பாதி மிதவைகள் இரண்டைப் பின்பக்கமாகச் சேர்த்தால் ஒரு முழு மிதவை. மிதவைகளை வரிசையாக நிறுத்தி மேலே உத்தரமும் பலகையும் பரப்பினால் பாலம். நெருக்கி நிறுத்தினால் கனமான வண்டி போகும், பாலம் குட்டையாகும். விலக்கி நிறுத்தினால் பாலம் நீளும், தாங்கும் எடை குறையும். இதைச் சிறு உருவாகச் செய்பவருக்கு முதல் சிக்கல் தகட்டின் தடிமனில் வருகிறது. 2 மில்லிமீட்டர் தகடு 35இல் ஒரு பங்கானால் 0.06 மில்லிமீட்டர்கூட வராது. நாம் எழுதுகிற தாளைவிட மெல்லிசு. அதைக் கையால் பிடித்து மிதவை கட்ட முடியாது. அதனால் தடித்த தகட்டிலேயே செய்துவிட்டு, பார்ப்பவர் கண் படுகிற ஓரத்தை மட்டும் சீவி மெல்லியதாக்குகிறார்கள். பிசகில்லாத அளவு என்பது கண் படும் ஓரத்தில் இருக்கிறது என்பது அந்தக் கைவினைஞருக்கே தெரிந்த ரகசியம்.

அடுத்தது எடை. நீளம் 35இல் ஒரு பங்கானால் கன அளவு 42,875இல் ஒரு பங்காகிவிடும். ஜெர்மானியர்களின் எதிர்ப்பக்கத்தில், பிரிட்டிஷ் ராணுவத்தின் பெய்லி பாலத்தில் ஒரு சட்டகம் 570 பவுண்டு, ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். அதே இரும்பில் அதே சட்டகத்தை 35இல் ஒரு பங்காகச் செய்தால் 6 கிராம். ஆறு தோள்கள் சுமந்த பாரத்தை இரண்டு விரல் எடுத்துவிடும். அந்த மாதிரியில் நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்திரமாக வந்து சேர்ந்தன. வராதது உழைப்பு. தலைக்கு 43 கிலோ என்ற அந்தக் கணக்கை எந்த வரைபடமும் போடுவதில்லை.

தூக்கியது யார்? 1944 டிசம்பரில் பர்மாவில் கலேவா என்ற இடத்தில் சிந்த்வின் ஆற்றின் மேல் 1154 அடிக்கு மிதவைகள் மீது ஒரு பெய்லி பாலம் போடப்பட்டது. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். அதைக் கட்டிய கைகளில் இந்திய சாப்பர் கம்பெனிகளின் கைகளும் உண்டு. பாலத்தின் பெயரில் இருப்பவர் டொனால்ட் பெய்லி, பிரிட்டிஷ் போர் அலுவலகத்தில் பணிபுரிந்தவர். பாலங்களின் சிறு உருக்களைச் செய்து பார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதாவது மாதிரி எப்போதும் நிஜத்துக்குப் பின்னால்தான் வரும் என்பதில்லை.

ஜெர்மனியிலும் மாதிரிதான் முந்தியது. 1919இன் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மானியருக்கு டாங்கி கூடாது, 1,00,000 பேருக்கு மேல் ராணுவம் கூடாது என்றது. 1920களில் அவர்கள் காரின் மேல் தட்டியும் துணியும் கட்டி அதை டாங்கி என்று சொல்லிப் பயிற்சி எடுத்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பொம்மை டாங்கிகளிடம் கற்ற பாடம்தான் 1939இல் போலந்துக்குள் நுழைந்தது.

பாலத்தின் வடிவத்துக்கு மட்டும் எல்லைக்கோடு கிடையாது. ஜெர்மானியர்களின் ‘கே’ பாலம் பிரிட்டிஷ் ராணுவத்தின் பெட்டி உத்தரப் பாலத்தைப் பார்த்துச் செய்தது. பெய்லி பாலம் தங்கள் வடிவங்களிலிருந்து எடுத்துக்கொண்டது என்று மார்ட்டெல் என்ற தளபதியும் ஹாமில்டன் என்ற பொறியாளரும் முறையிட்டார்கள். கண்டுபிடிப்பாளர் பரிசுகளுக்கான அரச ஆணையம் விசாரித்தது. மார்ட்டெலுக்கு 500 பவுண்டு, ஹாமில்டனுக்கு 1954இல் 10,000 பவுண்டு, பெய்லிக்கு 12,000 பவுண்டு. இந்த வழக்கில் தூக்கியவர்கள் கட்சிக்காரர்களே இல்லை. கோடு போட்டவனுக்கு உரிமை உண்டு, தோள் கொடுத்தவனுக்குக் கூலி மட்டும் என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இருந்ததில்லை.

இனி, பாலத்தின் மேலே போனது எது என்று கேட்போம். 1941 செப்டம்பரில் உக்ரைனின் கிரெமென்சுக் நகருக்கு அருகே த்னீப்பர் ஆற்றின் மேல் ஜெர்மானியர்கள் மிதவைப் பாலம் போட்டார்கள். கிளைஸ்டின் டாங்கிகள் அதைக் கடந்து வடக்கே போய், அங்கிருந்து இறங்கி வந்த குடேரியனின் டாங்கிகளோடு சேர்ந்தன. கீவ் வளைக்கப்பட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் வீரர்களைச் சிறைபிடித்ததாக ஜெர்மன் தரப்பு சொன்னது. செப்டம்பர் 19இல் கீவ் விழுந்தது. பத்து நாள் கழித்து, 29, 30 ஆகிய இரண்டு தேதிகளில், பாபி யார் என்ற பள்ளத்தாக்கில் யூதர்களை நிறுத்திச் சுட்டார்கள். கொன்றவர்கள் அனுப்பிய அறிக்கையில் எண்ணிக்கை 33,771. ‘ஏறத்தாழ’ என்ற சொல்லே இல்லை. ரிவெட்டை எண்ணுகிற அதே துல்லியம்! துல்லியத்துக்கென்று தனியாக ஒரு அறம் கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சிறு உரு செய்பவர் பார்க்கும் புகைப்படங்களில் பல அந்த ராணுவத்தின் பிரச்சாரப் பிரிவே எடுத்தவை. அவற்றில் சட்டையைக் கழற்றிய இளைஞர்கள் வெயிலில் சிரித்தபடி பலகை அடுக்குகிறார்கள். பாலம் போய் முடிகிற ஊர் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறது. இன்றைய ஜெர்மனியில் ஸ்வஸ்திகாவைக் காட்டச் சட்டம் தடை வைத்திருப்பதால் பெட்டிப் படங்களில் அது அழிக்கப்பட்டிருக்கும். சின்னம் போய்விடுகிறது, கருவி மட்டும் சுத்தமாகக் கைக்கு வருகிறது.

1940இல் டாங்கியின் பீரங்கிக் கோபுரத்தைக் கழற்றிவிட்டு அதன் மேல் பாலத்தை ஏற்றும் வண்டிகள் சுமார் இருபது செய்யப்பட்டன. பாலப் பகுதியைச் செய்தவை மாகிருஸ், க்ருப் என்ற இரு நிறுவனங்கள். க்ருப் முதலாளி ஆல்பிரீட் க்ருப்புக்கு அடிமை உழைப்பைப் பயன்படுத்திய குற்றங்களுக்காக 1948இல் நூரெம்பெர்கில் 12 ஆண்டு சிறை. 1951இல் வெளியே வந்துவிட்டார். அதே 1950களில் ஒடிசாவின் ரூர்கேலாவில் நம் அரசின் உருக்காலையை எழுப்ப வந்த ஜெர்மன் நிறுவனங்களில் க்ருப்பும் ஒன்று. ஆலைக்காக ஆதிவாசி கிராமங்கள் காலி செய்யப்பட்டன. ஐரோப்பாவின் கதைன்னு நாம் ஒதுக்கி வைத்தது இப்படித்தான் நம்ம வீட்டு வாசலுக்கு வந்தது.

தமிழர்களுக்குப் போர்க்காலப் பாலம் இன்னும் நெருக்கமானது. 1942, 43 ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். அங்கே செத்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது மதிப்பீடு. செத்த நேச நாட்டுக் கைதிகள் 12,000க்கு மேல். கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்ம ஆட்களுக்கு ‘ஏறத்தாழ’தான் உண்டு. 1957இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்துக்காக இலங்கையில் கித்துல்கல அருகே களனி ஆற்றின் மேல் ஒரு மரப்பாலத்தையே கட்டி, ரயிலோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒன்றுக்கு ஒன்று அளவில் செய்த மாதிரி என்று இதைச் சொல்லலாம். படத்துக்கு ஏழு ஆஸ்கர். கதை பிரிட்டிஷ் கைதிகளுடையது.

இப்போது அயனம்பாக்கத்துக்கு வருவோம். ஏரிக்கு வடமேற்கே சில கிலோமீட்டரில் ஆவடி. 1961இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பிறகு அந்த விஜயந்தாவின் உடல் மேலேயே கோபுரத்துக்குப் பதில் பாலத்தை ஏற்றி ‘கார்த்திக்’ என்றார்கள். அடுத்து டி-72இன் உடலிலும் பாலம் ஏறியது. 1940இல் ஜெர்மானியர் செய்து பார்த்த அதே யோசனை. 20 மீட்டர் பாலம் 35இல் ஒரு பங்கில் 57 சென்டிமீட்டர். மேசை மேல் அழகாக உட்காரும்.

ஓய்வுபெற்ற விஜயந்தாக்கள் நாடெங்கும் ஊர்ச் சந்திகளில் சிமெண்ட் மேடை மேல் நிற்கின்றன. அதுவும் ஒன்றுக்கு ஒன்று மாதிரிதான். கீழே பலகையில் டாங்கியின் எடையும் பீரங்கியின் விட்டமும் இருக்கும். அதை வெல்டு அடித்த கை எங்கேன்னு கேட்டால் பதில் கிடையாது. 2021இல் ஆவடி உட்பட 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாக உடைத்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் என்றார்கள். முதலில் அவசரச் சட்டம், பின்னர் ஆகஸ்டில் ஓராண்டுக் காலத்துக்கான அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் சட்டம் என்று வேலைநிறுத்தமே குற்றமாக்கப்பட்டது. ஆண்டு முடிந்து சட்டம் காலாவதியானது. உடைத்தது உடைத்ததாகவே இருக்கிறது. டாங்கிக்கு மேடை, அதைச் செய்தவருக்கு வாய்ப்பூட்டு.

சிறு உரு செய்கிறவர்களை நோக்கிக் கையை நீட்டுவது நம் வேலையல்ல. அவர்களுடைய பொறுமையை நாம் கடன் வாங்க வேண்டும். மிதவையின் ஓரத்தைச் சீவுவதற்கு ஒரு மாதம் செலவழிப்பவர், அடித்தளப் பலகையில் ஆற்றின் பெயரையும் தேதியையும் பாலம் போய்ச் சேர்ந்த ஊரையும் எழுதலாம். நாம் செய்ய வேண்டியது வேறொன்று. ஆவடியிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஃபிட்டர்களும் டர்னர்களும் வெல்டர்களும் அயனம்பாக்கம், அயப்பாக்கம், திருமுல்லைவாயில் வீடுகளில் இருக்கிறார்கள். நூலில் ஒரு பங்கு பிசகினாலும் விரல் நுனியில் கண்டுபிடிக்கிறவர்கள். எந்தப் பாகம் எத்தனை கிலோ, எத்தனை பேர் பிடித்தார்கள், யாருக்கு முதுகு போனது, எந்த ஷிப்டில் யார் விரல் போனது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இன்னும் யாரும் எழுதிக்கொள்ளாத அளவுகள் இவை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டு எழுத வேண்டும்.