கடப்பாரைக்கு முன்னே சென்ற முக்காலி

நகரத் தெருக்களில் கால்போன போக்கில் நடந்து, கண்ணில் பட்டதை ஒளிப்படமாக எடுப்பது இன்று ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவோ தனிப்பட்ட கலையார்வமாகவோ கருதப்படுகிறது. ஆனால் இவ்வழக்கம் வேர்பிடித்து வளர்ந்த நகரங்களுள் முதன்மையானதாகிய பாரிஸின் வரலாற்றை நெருங்கிப் பார்த்தால், இடிக்கப்படவிருந்த தெருக்களைப் பற்றிய கவலையும் அவற்றின் படங்களை விற்றுப் பிழைக்க வேண்டிய தேவையுமே அங்கே ஒளிப்படக்காரரை நடக்க வைத்தன என்பது புலப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாரிஸ் இலக்கியத்தில் ‘ஃப்ளானர்’ என்ற சொல் மிகுதியாக வழங்கியது. வேலை ஏதுமின்றிக் கூட்டத்தினூடே உலவி, நகரத்தையே ஒரு காட்சியாக நுகர்பவரை அது குறித்தது. தெருவில் படம் எடுத்தவர்களை இந்த ஃப்ளானரின் வாரிசுகளாகச் சொல்லும் பழக்கம் பிற்காலத் திறனாய்வில் ஊன்றிவிட்டது. அவர்களுள் மிகப் பெரியவரான எழேன் அத்ஜேயோ, வாடிக்கையாளர் பட்டியலோடும் கண்ணாடித் தகடுகளின் சுமையோடும் நடந்தவர்; அவருடைய நடையை உலாத்தல் என்பதைவிட உழைப்பு என்பதே பொருந்தும்.

பாரிஸ் தெருவைக் காட்டும் மிகப் பழைய படங்களுள் ஒன்று, உயரத்துச் சன்னல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. 1838-இல் லூயி டகேர், புலவார் து தாம்ப்ல் என்னும் அகன்ற சாலையை, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதிவுசெய்தார். தகடு பல நிமிடங்கள் ஒளிபட்டுத் திறந்திருக்க வேண்டியிருந்தமையால், வண்டிகளும் குதிரைகளும் நடப்போரும் நிறைந்திருந்த அச்சாலை படத்தில் ஆளரவமற்றுக் கிடக்கிறது. நகர்ந்தவை எவையும் தகட்டில் தங்கவில்லை. ஒரு மூலையில் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காகக் காலைத் தூக்கி வைத்து நின்ற ஒருவர் மட்டும், அசையாது நின்ற ஒரே காரணத்தால், பதிவாகிவிட்டார். 1839-இல் பாரிஸ் வந்திருந்த சாமுவேல் மோர்ஸ், அதாவது தந்திமுறைக்குப் பெயர்பெற்ற அதே மோர்ஸ், டகேரின் தகடுகளைப் பார்த்துவிட்டுத் தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் இந்த வெறுமையையும் அந்த ஒற்றை மனிதரையும் வியந்து குறிப்பிட்டார். படத்தில் காணும் அந்தச் சாலையும் நிலைக்கவில்லை. அதன் ஒரு பக்கத்தில் வரிசையாக நின்ற நாடக அரங்குகளை 1862-இல் நகர நிர்வாகம் இடித்து, இன்றைய ரெப்யுப்ளிக் சதுக்கத்துக்கு இடம் கண்டது.

இந்த இடிப்புக்குப் பின்னால் இருந்தவர், மூன்றாம் நெப்போலியனால் 1853-இல் சேன் மாவட்டத்தின் ஆட்சித்தலைவராக அமர்த்தப்பட்டு 1870 வரை அப்பதவியில் இருந்த ஒஸ்மான். நெருக்கமான இடைக்காலத் தெருக்களை ஊடறுத்து நேரான அகன்ற சாலைகளை வெட்டியது, நகரத்தின் தொட்டிலாகிய சித்தே தீவின் பழைய குடியிருப்புகளைப் பெரும்பாலும் துடைத்தெடுத்தது, நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்களை விரித்தது ஆகியவை அவருடைய காலத்தில் நிகழ்ந்தவை; 1860-இல் சுற்றுப்புற ஊர்களும் நகரத்தோடு இணைக்கப்பட, வட்டாரங்களின் எண்ணிக்கை 12-இலிருந்து 20 ஆயிற்று. இடிப்பவர்களே இடிபடுவதைப் பதிவுசெய்யவும் முன்வந்தனர். 1860-களின் தொடக்கத்தில் நகரத்தின் ஒளிப்படக்காரராக ஏற்கப்பட்ட ஷார்ல் மார்வில், அழிக்கப்படவிருந்த தெருக்களை முறையாகப் படம்பிடித்து 425 படங்கள் கொண்ட தொகுப்பை உருவாக்கினார்.

மார்விலின் வேலையைப் புரிந்துகொள்ள அவர் கையாண்ட முறையை அறிவது அவசியம். 1851-இல் ஆங்கிலேயரான பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ‘ஈரக் கொல்லோடியன்’ முறையில், பிசுபிசுப்பான ஒரு கரைசலைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றிப் பரப்பி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அந்த ஈரம் காய்வதற்குள் படத்தை எடுத்து உருத்துலக்கிவிட வேண்டும். ஆகவே தெருவுக்குப் போகிறவர் தம்மோடு இருட்டறையையும், கூடாரமாகவோ வண்டியாகவோ, கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. தகட்டின் கூர்மை வியப்பூட்டுவது: மார்விலின் படங்களில் ஈரம் மினுங்கும் உருளைக்கற்களையும், நடுவில் ஓடும் சாக்கடை வாய்க்காலையும், சுவரில் ஒட்டிய விளம்பரத் தாளின் எழுத்துகளையும் ஒவ்வொன்றாக எண்ணலாம். மனிதர்களோ அங்கும் அரிதாகவே தென்படுகின்றனர். புதிய சாலை வெட்டப்படவிருந்த போக்கை ஒட்டியே பல படங்களில் கேமரா நிறுத்தப்பட்டிருப்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்வாறாயின் இப்படங்கள் தெருவுக்கு விடைகொடுக்கும் அதே வேளையில் அதை அழிக்கும் திட்டத்தின் கண்களாகவும் அமைகின்றன. மார்விலின் படங்களைப் பழமையின் மீதான ஏக்கமாக மட்டும் வாசிப்பது அவற்றை ஆணையிட்டவர்களை மறைத்துவிடும்.

பழைய நகரத்தின் மீதான பற்று ஒரு பொது உணர்வாகத் திரண்டது அதற்குப் பின்னர்தான். 1871 மே மாதத்தில், பாரிஸ் கம்யூன் என்ற கிளர்ச்சி ஆட்சியின் இறுதி நாள்களில், நகர்மன்றக் கட்டடம் எரிந்தபோது நகர நூலகமும் அதனோடு எரிந்தது. அந்த இழப்பிலிருந்து புதிதாகத் திரட்டப்பட்ட நூலகமும், 1880-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட கார்னவாலே அருங்காட்சியகமும் பழைய பாரிஸைக் காட்டும் எதையும் விலைக்கு வாங்கும் நிறுவனங்களாயின. 1897-இல் நகர நிர்வாகம் ‘பழைய பாரிஸ் ஆணையம்’ ஒன்றை அமைத்தது. இத்தகைய நிறுவனங்கள் வாங்க இருந்தமையால்தான், தெருத்தெருவாக நடந்து படமெடுப்பது ஒருவருக்குச் சோறு போடும் தொழிலாக அமைய முடிந்தது.

அந்த ஒருவராகிய அத்ஜே 1857-இல் போர்தோவுக்கு அருகிலுள்ள லிபூர்ன் ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, இளமையில் கப்பல் வேலைக்குப் போய், 1879-இல் பாரிஸின் அரசு நாடகப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து படிப்பை முடிக்காமல் வெளியேறி, ஊர் ஊராகச் சுற்றிய நாடகக் குழுக்களில் சிறு வேடங்கள் ஏற்றார். நடிப்பும் கைவிட்டுப்போய், ஓவியமும் கைகூடாமல், 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒளிப்படத்துக்கு வந்தார். வீட்டு வாசலில் அவர் தொங்கவிட்ட பலகை ‘கலைஞர்களுக்கான ஆவணங்கள்’ என்றே அறிவித்தது. மரங்களையும் பூக்களையும் விலங்குகளையும் ஓவியர் பார்த்து வரைவதற்கேற்ற படங்களாக எடுத்து விற்பது அத்தொழிலின் தொடக்கம். 1897, 1898 ஆண்டுகளில் பழைய பாரிஸின் பக்கம் அவர் திரும்பினார். பின்னர் முப்பது ஆண்டுக்காலம், இடையில் உலகப் போர் தடுத்த சில ஆண்டுகள் நீங்கலாக, அந்நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் விட்டகலாமல் சுமார் 8,500 தகடுகளை எடுத்தார்.

அவருடைய கருவி 18×24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகளை ஏற்கும், துருத்தி பொருத்திய மரப்பெட்டிக் கேமரா. முக்காலியும் தகடுகள் நிறைந்த உறைகளும் சேர்ந்து ஒரு மூட்டை நெல்லைச் சுமக்கும் கூலியாளின் தோற்றத்தை அவருக்குத் தந்திருக்கும் என்று கருத இடமுண்டு. அவர் காலத்தில் கொல்லோடியன் வழக்கொழிந்து, உலர்ந்த ஜெலட்டின் பூச்சுள்ள தகடுகள் கடையிலேயே கிடைத்தன. இருட்டறையைத் தூக்கிச் செல்லும் தேவை இல்லாமற்போனது. 1888-இலேயே ஈஸ்ட்மனின் கோடக் பெட்டி, சுருளில் நூறு படம் எடுக்கும் வசதியோடு, கையடக்கமாக வந்துவிட்டிருந்தும் அத்ஜே தம் பழைய பெட்டியை மாற்றவில்லை. உயரமான கட்டடத்தின் உச்சியைச் சட்டத்துக்குள் கொண்டுவர லென்ஸை மேலே நகர்த்தும்போது, அது வீசும் ஒளிவட்டம் தகட்டின் மேல்மூலைகளை எட்டாமல் போய், பல படங்களில் அம்மூலைகள் வளைந்து கறுத்திருக்கின்றன. அதைக் குறை என்று ஒதுக்காமல் அவர் அப்படியே விற்றார். வாங்கியவருக்கு வேண்டியது வாயில்வளைவின் செதுக்கு வேலைப்பாடே அன்றி மூலை அன்று. எண்ணைத் தகட்டிலேயே கீறி எழுதி, முட்டை வெண்கரு பூசிய காகிதத்தைத் தகட்டோடு ஒட்ட வைத்து வெயிலில் காயவிட்டு அச்செடுத்தார். பெருக்கிக் காட்டாமல் தகட்டின் அளவிலேயே எடுக்கப்படுவதால் இது தொடுஅச்சு எனப்படும்.

வண்டிப் போக்குவரத்துத் தொடங்குமுன், விடியற்காலையிலேயே அவர் வேலைக்குப் போவது வழக்கம். அந்த மங்கிய ஒளியில், அருகிலும் தொலைவிலும் ஒருசேரக் கூர்மை வேண்டி லென்ஸின் துவாரத்தைச் சுருக்கியபோது ஒளிபடும் நேரம் நீண்டது. குறுக்கே நடந்தவர்கள் புகைபோலக் கரைந்தனர். அவருடைய தெருக்கள் வெறிச்சோடிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே. 1931-இல் ஒளிப்படத்தின் வரலாறு பற்றி எழுதிய வால்ட்டர் பெஞ்சமின், அவ்வெறுமையைக் குற்றம் நடந்த இடத்தின் வெறுமையோடு ஒப்பிட்டுப் பேசியது புகழ்பெற்றுவிட்டது. ஆயினும் அவ்வொப்புமையில் மயங்கி, துவாரத்தின் அளவையும் காலை ஐந்து, ஆறு மணியின் வெளிச்சத்தையும் வாடிக்கையாளரின் தேவையையும் மறந்துவிடுவது அந்த உழைப்பாளிக்குச் செய்யும் அநீதியாகும். மேலும் அவர் மனிதரை எடுக்காதவர் அல்லர். 1898-ஐ அடுத்த ஆண்டுகளில் தெருவில் கூவி விற்பவர்களையும், குடை, விளக்குமூடி விற்போரையும், இசைப்பெட்டிக்காரரையும் அவருடன் பாடும் பெண்ணையும் நிற்கச் சொல்லி எடுத்தார்; பெரும் பல்பொருள் அங்காடிகளின் வரவால் அத்தொழில்கள் தேய்ந்துகொண்டிருந்த காலம் அது.

அவர் திரும்பத் திரும்பச் சென்ற இடங்களுள் இரண்டைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். ஒன்று பியேவ்ர் ஆறு. நகரின் தென்கிழக்கில் தோல் பதனிடுவோரும் சாயமிடுவோரும் கரையில் வாழ, அவர்களுடைய கழிவால் நிறம் மாறி ஓடிய இச்சிற்றாற்றை முன்னர் மார்விலும் எடுத்திருக்கிறார். சுகாதாரத்தின் பெயரால் சிறிது சிறிதாக மூடப்பட்டு, 1912-இல் நகர எல்லைக்குள் அது முற்றிலும் தெருவுக்கடியில் மறைந்தது. ஓர் ஆறு நகரத்திலிருந்து காணாமல் போவதை நேரில் நின்று பதிவுசெய்த படங்கள் அவை. மற்றொன்று ‘சோன்’ எனப்பட்ட நிலம். 1840-களில் பாரிஸைச் சுற்றி எழுப்பப்பட்ட கோட்டைச் சுவருக்கு வெளியே, 250 மீட்டர் அகலத்துக்குக் கட்டடம் எதுவும் எழுப்பக்கூடாது என்று இராணுவம் தடைசெய்திருந்த வெற்றுநிலம் அது. உள்ளே வாடகை கொடுக்க இயலாதவர்கள் அங்கே பலகையாலும் தகரத்தாலும் குடிசை போட்டுக்கொண்டனர், அவர்களில் பலர் குப்பை பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்கள். 1913-இல் அத்ஜே இவர்களைப் பற்றித் தனித் தொகுப்பே உருவாக்கித் தேசிய நூலகத்துக்கு விற்றார். அரண்மனை வாயிலுக்குக் கொடுத்த அதே நிதானத்தையும் அதே தகட்டளவையும் குப்பை பொறுக்குபவரின் குடிசைக்கும் அவர் கொடுத்தார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. சுவரின் இடிப்பு 1919-இல் தொடங்கியது. 1973-இல் முழுமைபெற்ற சுற்றுவட்ட நெடுஞ்சாலை இன்று ஏறத்தாழ அந்நிலத்தின் மீதே ஓடுகிறது.

1920-இல், முதுமை நெருங்கும் அச்சத்தில், பழைய பாரிஸ் தொடர்பான 2,600-க்கும் மேற்பட்ட தகடுகளை 10,000 பிராங்குக்கு அரசுக்கு விற்ற அத்ஜே, அக்கொள்முதலுக்காக நுண்கலைத் துறைத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் பழைய பாரிஸ் முழுவதும் தம் கைவசம் இருப்பதாகப் பெருமிதத்தோடு கூறினார். அவர் குடியிருந்த காம்பாஞ்-பிரமியேர் தெருவிலேயே வாழ்ந்த அமெரிக்க ஒளிப்படக் கலைஞரான மான் ரே அவருடைய படங்கள் சிலவற்றை வாங்கி, சர்ரியலிசக் குழுவினரின் இதழுக்குக் கொடுத்தார். 1912-இல் பஸ்தீய் சதுக்கத்தில் சூரிய கிரகணத்தை அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தின் படம் 1926-இல் அவ்விதழின் அட்டையில் வந்தது. தம் பெயரைப் போட வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள் என்று அத்ஜே கேட்டுக்கொண்டதாக மான் ரே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அதற்குள் தொழில்நுட்பம் இந்த நடையின் இயல்பையே மாற்றியிருந்தது. 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா, திரைப்படச் சுருளில் 24×36 மில்லிமீட்டர் அளவில் 36 படங்கள் எடுக்கும் கைக்கருவி. ஹங்கேரியிலிருந்து வந்த கெர்த்தேஸ், பின்னர் கார்த்தியே-பிரெசோன் ஆகியோரின் கைகளில் அது, அத்ஜேயின் தகட்டில் புகையாய்க் கரைந்த நடைக்காரரையே படத்தின் மையமாக்கியது. முக்காலியை விடாதவர்களும் இருந்தனர்: 1933-இல் இரவுநேரப் பாரிஸின் படங்களை நூலாக வெளியிட்ட பிரசாய், ஒளிபடும் நேரத்தைச் சிகரெட்டு புகைந்து முடியும் நேரத்தால் அளந்தார்.

மான் ரேயின் உதவியாளராக இருந்த பெரனிஸ் அபாட், 1927-இல் அத்ஜேயை உட்காரவைத்துப் படம் எடுத்தார். அச்சுகளைக் கொடுக்கச் சென்றபோது அத்ஜே இறந்துவிட்டிருந்தார். அவருடைய வீட்டில் எஞ்சியிருந்த தகடுகளையும் ஆயிரக்கணக்கான அச்சுகளையும் 1928-இல் வாங்கிய அபாட், நாற்பதாண்டுக்காலம் காத்து, 1968-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திடம் சேர்த்தார். அத்ஜே பற்றிய நூலுக்குப் பதிப்பாளர் தேடி 1929-இல் நியூயார்க் சென்ற அவர், பழைய செங்கல் வீடுகளை இடித்து வானளாவிகள் எழும்புவதைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார்; முதலில் சிறு கைக்கேமராவிலும் பின்னர் 8×10 அங்குலத் தகட்டளவுள்ள பெட்டிக் கேமராவிலும் அந்நகரைப் பதிவுசெய்து, 1939-இல் ‘மாறும் நியூயார்க்’ என்ற நூலாக வெளியிட்டார். 1930-களில் அவர் உள்ளே நின்று படமெடுத்த, கண்ணாடிக் கூரை போட்ட பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கினர்.