கடல் கடந்து கற்ற நூலகக் கலை

வேலை நிமித்தமாகத் தாயகம் விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழர் இல்லங்களில், பிள்ளைகள் பட்டம் பெற்றவுடன் எழும் கேள்வி ஒன்றுண்டு. மேற்கொண்டு எதனைப் படிப்பது என்பதே அக்கேள்வி. அதற்கு விடை தேடுவோருள் நூலகத் துறையையும் ஆவணத் துறையையும் எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொடுப்பதற்கும் ஒரு படிப்பு வேண்டுமா என்று வினவுவாரும் உளர்.

இந்த ஐயம் இன்று தோன்றியதன்று. இந்திய நூலக இயலின் தந்தை என்று உலகம் போற்றும் சீர்காழி இராமாமிருத ரங்கநாதனுக்கே ஒரு காலத்தில் இவ்வையம் இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த அவர், 1924-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பதவி ஏற்றார். ஏற்ற சில நாட்களிலேயே அப்பணியின் தனிமை அவரை வாட்டியது. பழைய ஆசிரியப் பணிக்கே திரும்ப விழைந்தார். முதலில் இங்கிலாந்து சென்று இத்துறையைக் கற்று வருக, பின்னரும் மனம் ஒப்பாவிடில் திரும்பலாம் என்று பெரியோர் கூறவே, அவர் கப்பல் ஏறினார்.

அக்காலத்தில் இந்தியாவில் நூலகப் பயிற்சி அறவே இல்லை என்று கூறுவதற்கில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் 1910-இல் அமெரிக்கரான வில்லியம் போர்டனை வரவழைத்துத் தம் நாட்டில் நூலகங்களை நிறுவச் செய்தார். பயிற்சி வகுப்பும் நடைபெற்றது. 1915-இல் லாகூரில் ஆசா டான் டிக்கின்சன் என்னும் மற்றோர் அமெரிக்கர் வகுப்பு நடத்தினார். ஆயினும், முறையாகக் கற்க விரும்பிய சென்னைவாசிக்கு லண்டனே கதியாயிற்று.

லண்டனில் பெர்விக் சேயர்ஸ் என்னும் ஆசானிடம் ரங்கநாதன் பாடம் கேட்டார். பல நூலகங்களை நேரில் கண்டார். கடையொன்றில், சில துண்டுகளையே பலவாறாகப் பூட்டிப் பல உருவங்களை அமைக்கும் மெக்கானோ விளையாட்டுப் பொருள் அவர் கண்ணில் பட்டது. பொருள்களையும் அவ்வாறே கூறு கூறாகப் பிரித்து, வேண்டியபடி இணைத்து, நூல்களை வகைப்படுத்தலாம் என்னும் எண்ணம் அங்கே உதித்தது. திரும்பி வந்த கப்பலில் இருந்த சிறு நூல் தொகுதியிலேயே அதனைச் சோதித்தார் என்பர். 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறைக்கு வித்து அதுவே.

1925-இல் தாயகம் மீண்டவர் பழைய பணிக்குத் திரும்பவில்லை. தாம் பெற்ற கல்வியைப் பெறுவதற்குப் பிறர் கடல் கடக்க வேண்டுவதில்லை என்னும் நிலையை உண்டாக்க முனைந்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றிற்று. 1929-இல் அச்சங்கம் கோடை வகுப்பைத் தொடங்கியது. 1931-இல் பல்கலைக்கழகமே அதனை ஏற்றது. 1947-இல் ரங்கநாதன் டில்லி சென்றபின் அந்நகரிலும் இக்கல்வி வேரூன்றியது. 1956-இல், தாம் சேமித்த ஒரு லட்சம் ரூபாயை, இத்துறைக்கென ஒரு பேராசிரியர் பதவி அமையுமாறு சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அவர் வழங்கினார்.

நூல் வேறு, ஆவணம் வேறு. ஒரு நூலுக்குப் பிரதிகள் பல உண்டு; ஆவணமோ பெரும்பாலும் தனிப் பிரதி. நூலைப் பொருள்வாரியாக அடுக்கலாம். ஆவணத்தையோ, அது எந்த அலுவலகத்தில் எந்த வரிசையில் பிறந்ததோ அவ்வரிசை குலையாமல் காத்தல் வேண்டும். வரிசை குலையின், யார் எந்த ஆணையின்படி எழுதினார் என்னும் சான்றும் குலைந்துவிடும். 1891-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட ஆவணத் துறை, 1926-இல் புதுடில்லியில் தனக்கெனக் கட்டடம் பெற்றது. விடுதலைக்குப் பின் தேசிய ஆவணக் காப்பகம் ஆயிற்று. அதன் பயிற்சி நிலையம் 1976-இல் நிறுவப்பட்டது.

1962-ஆம் ஆண்டு இக்கதையில் ஒரு திருப்பம். அவ்வாண்டில்தான் ரங்கநாதன் பெங்களூரில் ஆவணமாக்கல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவினார். நூலை மட்டுமன்றி, நூலுக்குள் அடங்கிய தகவலையும் நிர்வகிக்கும் கல்வி அங்கே வளர்ந்தது. அவ்வாண்டிலேயே டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தனித்தனியே புறப்பட்ட இவ்விரு ஓடைகளும் பின்னாளில் கலந்தன. 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1989-இல் நூலக இயல் பட்டப் படிப்பைத் தொலைநிலையில் வழங்கத் தலைப்பட்டது. 2017-இல் நடுவணரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தின் வாயிலாக இன்று பாடங்கள் கணிப்பொறிக்கே வருகின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவணங்கள் பலவற்றையும், 2015-இல் தொடங்கிய அபிலேக் படல் என்னும் தளத்தில் இல்லத்திலிருந்தே காணலாம்.

இக்கல்வி நமக்கு எவ்வாற்றான் உரியது? 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் பதிப்பிக்கப்படும் ஒவ்வொரு நூலும் சென்னை கன்னிமாரா நூலகத்திற்கு மட்டுமன்றி, கொல்கத்தா, மும்பை, டில்லி நகர்களின் நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். ஆகவே தமிழ் நூல்களும் நம்மைப் போலவே வெளியூர்களில் குடியிருக்கின்றன. அவற்றைப் படித்து அட்டவணையிட வல்லவர் வேண்டும்.

வடநாட்டு நூலகம் ஒன்றில் ஒருமுறை, பாலம் கட்டும் தொழிலைப் பற்றிய தமிழ் நூல் ஒன்றைத் தேடினேன். கிடைக்கவில்லை. பல திங்கள் கழித்து, வேறொன்றைத் தேடுகையில், பழமரங்களைப் பற்றிய நூல்களின் நடுவே அதனைக் கண்டேன். ஆங்கில எழுத்தில் பாலம், பழம், பலம் மூன்றும் ஒன்றுபோல் எழுதப்பட்டதன் விளைவு அது. நூல் தொலையவில்லை; ஆனால் தேடியவனுக்கு அது இல்லாததே ஆயிற்று. கணிப்பொறியில் ஏற்றினாலும், குறிப்புப் பிழையாயின் இதே கதிதான்.

இல்லத்திலிருந்து கற்க விரும்பும் இளைஞர்க்கு இரண்டு சொற்கள். சேரவிருக்கும் படிப்பு பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பைப் பெற்றதா என்று முதலில் பார்த்துக்கொள்க. அடுத்து, திரையில் கற்றதைக் கையால் செய்து பழகுக. நூலகங்களுக்கென நியூசிலாந்தில் உருவாக்கப்பட்ட கோஹா என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. நம்மவர் வெளியூர்களில் நடத்தும் தமிழ்ச் சங்கங்களில் அட்டவணையின்றிக் கிடக்கும் அலமாரி ஒன்றேனும் இருக்கக்கூடும். அதிலிருந்தே தொடங்கலாம். கப்பலிலிருந்த சிறு தொகுதியே ரங்கநாதனுக்குப் பயிற்சிக் களமாகப் போதுமானதாக இருந்ததன்றோ!