ஜொகூர்த் தோட்டங்களில் பால்வெட்டும் உளி

ரப்பரின் வரலாற்றை எழுதியோர் விதையின் கதையை விரிவாகவே எழுதிவைத்துள்ளனர். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் பிரேசில் நாட்டினின்று ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டன் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுசேர்த்ததும், அடுத்த ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்ததும், 1896இல் டான் சே யான் மலாக்காவில் வணிக நோக்குடன் ரப்பர் நட்டதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். மரத்திலிருந்து பாலை வரவழைத்த கருவியின் கதையோ ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. ரிட்லி முறையைக் கண்டார், கத்தி வந்தது, தொழிலாளி வெட்டினான் என்ற அளவோடு நின்றுவிடும். உண்மையில் அக்கத்தி எந்த ஆலையிலும் முற்றுப்பெற்றதன்று. வேறு தொழில்களிலிருந்து இரவல் வாங்கிய கருவி அது. அதைப் பால்மரத்திற்கும் தன் கைக்கும் ஏற்றதாக ஆக்கிய வேலையில் பெரும்பகுதி லயத்து வாசலிலேயே நடந்தது.

அமேசான் காட்டில் பால் எடுத்தவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினர். காட்டு மரத்திற்கு அது போதும். இன்று கொத்தியவர் நாளை வேறு மரம் தேடலாம். ஒரே மரத்தினின்று முப்பது ஆண்டு பால் எடுக்க வேண்டிய தோட்டத்திற்கு அது பொருந்தாது. 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொத்தாமல், முன்பு வெட்டிய கோட்டின் விளிம்பிலிருந்தே மெல்லிய பட்டையைச் சீவி எடுத்தால் பால் தொடர்ந்து வரும் என்று 1890களில் செய்து காட்டினார். முதல்நாள் சீவலைவிட அடுத்தடுத்த சீவல்களில் பால் மிகுதியாக ஊறியது. பனம்பாளையையும் தென்னம்பாளையையும் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சீவிக் கள் இறக்கிய தமிழனுக்கு இது புதுமையாகத் தோன்றியிராது. எனினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. பாளையில் சுரப்பது இனிப்புச் சாறு. ரப்பர் மரத்தில் ஓடுவது பட்டைக்குள் தனிக் குழாய்களில் அடங்கிய பால்.

கருவியின் வடிவத்தை முடிவு செய்தவை இக்குழாய்களே. அவை பட்டையின் உட்பகுதியில், மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்தை ஒட்டினாற்போலச் செறிந்துள்ளன. ஆழமாக வெட்டாவிட்டால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் தவறி அப்படலம் காயப்பட்டால் அவ்விடம் முண்டு முண்டாகப் புடைத்து, மறுமுறை வெட்டுவதற்கு உதவாமற் போகும். குழாய்கள் செங்குத்தாகவும் இல்லை. சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. ஆதலால் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து வருமாறு கோடு போட்டால்தான் மிகுதியான குழாய்கள் அறுபடும். சாய்வான கோட்டில், வளைந்த மரத்தைச் சுற்றி, ஒரே ஆழத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பட்டையைச் சீவ வேண்டும். சீவிய இடம் பால் வழிந்தோடாத வாய்க்காலாகவும் அமைய வேண்டும். இத்தனையும் செய்யும் கருவி அன்றைய உலகில் எந்தக் கடையிலும் இல்லை.

எனவே இருந்தவற்றையே எடுத்தாண்டனர். தச்சனின் குழியுளி ஒன்று. குதிரைக்கு இலாடம் கட்டுவோர் குளம்பைச் சீவப் பயன்படுத்திய, நுனி வளைந்த கத்தி மற்றொன்று. இதற்கிடையே இலங்கையிலும் மலாயாவிலும் புதுக்கத்தி செய்வோர் பலர் தோன்றினர். 1906ஆம் ஆண்டு பேராதனையில் நடைபெற்ற ரப்பர்க் கண்காட்சியில் கத்திகள் காட்சிக்கு வந்தன. ஹெர்பர்ட் ரைட் ரப்பர் பற்றி எழுதிய நூலிலும் இவற்றின் படங்களைக் காணலாம். ஆழத்தைக் கட்டுப்படுத்தும் காப்பு வைத்தவை, அலகைக் கழற்றி மாற்றத்தக்கவை எனப் பல வகை. தொழிலாளியின் கை தவறும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அத்தவற்றைத் தடுக்கும் பொறுப்பை இரும்பிடம் ஒப்படைத்த கருவிகள் இவற்றுள் பல. அவற்றிற் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. மலாயாவில் நிலைத்தவை இரண்டே: தள்ளி வெட்டும் குழியுளி, இழுத்து வெட்டும் ஜெபோங் கத்தி. இரண்டிலும் திருகாணி இல்லை. இரண்டையும் ஒரு தீட்டுக்கல்லைக் கொண்டு தொழிலாளியே திருத்திக்கொள்ளலாம்.

இக்கருவிகள் ஜொகூருக்கு வந்த காலத்தையும் நோக்க வேண்டும். அதுவரை அங்கே ஆற்றோரங்களில் சீனர் பயிரிட்ட மிளகும் காம்பிரும் முதன்மையாயிருந்தன. 1909இல் ஜொகூர் இரயில் பாதை முடிந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் எனப் பாதையோரமெங்கும் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. காம்பிர் நிலங்களை ஆண்ட கங்சு முறை 1917இல் ஒழிக்கப்பட்டது. இரயிலில் வந்து இறங்கிய தமிழருள் மிகப் பலர் உழவர் குடியினர். அரிவாளும் மண்வெட்டியும் பழகிய கைகள். மண்வெட்டிக்குக் காம்பு போடுவதையும், அரிவாளைக் கல்லில் தீட்டுவதையும் அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பால்வெட்டுக்குப் பெண்களும் பெருந்தொகையினராக வந்தனர் என்பதைக் கருவியின் வரலாற்றில் மறத்தல் ஆகாது. ஆணின் உள்ளங்கைக்குப் பொருந்திய பிடி பெண்ணின் கைக்குப் பருமனாகும். அதைச் செதுக்கிக் குறைப்பதும், துணி சுற்றிப் பெரிதாக்குவதும் வெட்டுபவர் வேலையே.

ஜெபோங் கத்தியின் நுனி மடங்கி இரு முகங்களாக நிற்கும். ஒருமுகம் பட்டையை அடிவரை அறுக்கும். மற்றொன்று வாய்க்காலின் தரையைச் சீவும். இரு முகங்களுக்கும் இடையிலுள்ள கோணம் விரிந்துவிட்டால் பால் கோட்டைவிட்டு மரத்தின்மேல் வழியும். குறுகினால் கத்தி சிக்கும். வெளிமுகத்தைத் தட்டைக் கல்லிலும், உள்மடிப்பை விளிம்பு கூரிய கல்லிலும் தீட்ட வேண்டும். மழுங்கிய கத்தி பட்டையை அறுக்காமல் நசுக்குவதால் குழாய் வாய்கள் அடைபடும். விடியுமுன் இருட்டிலேயே, மரத்தில் பால் அழுத்தம் மிகுந்திருக்கும் வேளையில், நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி முடிக்க வேண்டியவருக்கு இது சிறு செய்தியன்று.

கணக்கொன்று இதனை விளக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால், மழை நாள் போக, ஆண்டுக்கு 150 முறை வெட்டலாம் எனக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டர் சீவினால் ஆண்டுக்கு 22½ சென்டிமீட்டர் பட்டை செலவாகும். கத்தி சரியில்லாமல் இரண்டு மில்லிமீட்டர் சீவினால் 30 சென்டிமீட்டர். 120 சென்டிமீட்டர் உயரமுள்ள பட்டை முதற்கணக்கில் ஐந்தாண்டுக்கு மேலும், இரண்டாவதில் நான்காண்டும் நிற்கும். இந்த அரை மில்லிமீட்டரில் தோட்டத்தின் ஆதாயம் அடங்கியிருந்தது. 1925இல் நிறுவப்பெற்ற மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வெட்டு முறைகளை ஆராய்ந்து நெறிப்படுத்தியது. ஆனால் நிரைக்கு நிரை மாறும் பட்டையின் கனத்தை அளந்தது தொழிலாளியின் மணிக்கட்டே. மரத்தில் காயம் கண்டால் ஏச்சு வாங்கியவரும் அவரே. காயமின்றி வெட்டிய மரத்திற்கு எவர் பெயரும் எழுதப்படவில்லை.

1942 தொடக்கத்தில் ஜொகூர் ஜப்பானியர் வசமாயிற்று. ரப்பரை வாங்கிவந்த மேலை நாடுகளின் சந்தை அடைபட்டது. பல தோட்டங்களில் வெட்டு நின்று மரவள்ளி ஏறியது. வெட்டுக்காரர் பலர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மீளவில்லை. அவரோடு கை நுணுக்கமும் போயிற்று. 1945க்குப் பின் எஞ்சியவர்தாம் அடுத்த தலைமுறைக்குத் தீட்டக் கற்றுக்கொடுத்தனர்.

தமிழாசிரியர் நோக்கத்தக்க சொற்செய்தி ஒன்றுண்டு. ரிட்லி செய்தது சீவுதல். மரம் சீவுதல் என்ற வழக்கும் இருக்கிறது. ஆயினும் பால்வெட்டு என்பதே தொழிலின் பெயராக ஓங்கிற்று. கருவிக்கோ, மலாய்க்காரரின் பீசோ என்ற சொல்லையும் ஆங்கிலப் பெயரையும் விட்டுத் தச்சனின் உளி என்ற சொல்லையே பலர் எடுத்துக்கொண்டனர். கருவி எங்கிருந்து இரவல் வந்ததோ அவ்விடத்தின் பெயரே அதற்கு நிலைத்தது.

பின்னாளில் கீழ்ப்பட்டை தீர்ந்த மரங்களில் மேல்நோக்கி வெட்டும் முறை பரவியபோது, குழியுளியை நீண்ட கழியில் பொருத்த வேண்டியதாயிற்று. கழி நீண்டால் கையின் சிறு நடுக்கமும் நுனியில் பெரிதாகும். ஆதலால் வெட்டுபவரின் உயரத்திற்கும் கோட்டின் உயரத்திற்கும் ஏற்பக் கழியை அளந்துகொண்டனர். இன்று ஜொகூரில் பால்மரம் நின்ற நிலத்திற் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிவிட்டது. குட்டைப் பனையில் குலை தள்ள அங்கேயும் ஓர் உளி. மரம் உயர்ந்தால் கழியில் பூட்டிய அரிவாள். முன்பு மூங்கிலில் கட்டிய அதனை இப்போது அலுமினியக் குழாயில் பூட்டுகின்றனர். பனை வளர வளரக் குழாயை நீட்டிக்கொள்கின்றனர்.