விளைந்த மண்ணில் விசாரணை

மலேசியாவின் கலும்பாங் வட்டாரத்தில் தமிழர் வெட்டிய பால்மரங்களின் ரப்பர் லண்டன் சந்தைக்குப் போனது. லண்டன் ரப்பர் வணிகர் சங்க ஒப்பந்தங்களில் எழுந்த தகராறுகளை அங்குள்ள நடுவர்களே தீர்த்தார்கள். சரக்கு விளைந்த மண்ணிலேயே தகராறும் தீர வேண்டும் என்பதே என் வாதம். அதற்கான வாசல் 1978இல் திறந்தது: ஆசிய-ஆப்பிரிக்கச் சட்ட ஆலோசனைக் குழுவின் முயற்சியால் கோலாலம்பூரில் நடுவர் மன்ற மையம் அமைந்தது. 1980இல் நாட்டின் நடுவர் மன்றச் சட்டத்தைத் திருத்தி, அம்மையத்தின் விசாரணைகளில் உள்ளூர் நீதிமன்றம் தலையிடாதபடி செய்தார்கள். அப்படியானால் நடுவரின் பிழையை யார் திருத்துவது? நியாயமான கேள்விதான். தீர்ப்பை ரத்துசெய்வதற்கான காரணங்களைக் குறுக்கி வரையறுத்து, 2005ஆம் ஆண்டு நடுவர் மன்றச் சட்டம் அதற்கு விடை தந்தது.

இதனால் தோட்டத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களும் உண்டு. நேரடியாக எதுவுமில்லை, தொழிலாளர்களின் சம்பளத் தகராறுகள் 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டப்படி தொழில் நீதிமன்றத்துக்கே போயின.