கார்கள் பேசப் பழகிய கதை

சிங்கப்பூரில் கார் ஓட்டிய எவருக்கும் அந்த 'பீப்' சத்தம் தெரியும். இஆர்பி கட்டண வாயிலின் கீழ் வண்டி நுழைகிறது. முன்கண்ணாடி ஓரத்தில் இருக்கும் சின்னக் கருவி ஒருமுறை ஒலிக்கிறது. அட்டையிலிருந்து வெள்ளி குறைகிறது. காலைநேர அவசரத்தில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, பலரும் அதை அத்துடன் மறந்துவிடுவார்கள். உண்மையில் அந்த ஒரு நொடியில் நடப்பது ஓர் உரையாடல். ஓடும் வண்டியும் சாலையும் கம்பியில்லாமல் பேசிக்கொள்கின்றன. பேச்சு முழுக்கப் பணத்தைப் பற்றியது என்பதுதான் குறை.

அதே வானொலி அலையைக் கொண்டு, முன்னால் போகும் கார் பின்னால் வரும் காரிடம் 'பிரேக் போட்டுவிட்டேன், கவனம்' என்று சொல்ல முடியாதா? முடியும். 1990களிலேயே முடிந்தது. ஆனால் பணம் வசூலிக்கும் பேச்சு ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் ஒரு நாடு முழுவதும் வந்து சேர்ந்தது. உயிர் காக்கும் பேச்சோ கால் நூற்றாண்டாக வாசலிலேயே காத்துக்கிடந்தது.

கார்கள் தமக்குள் ஒத்துப்போய் ஓடும் என்ற கனவு பழையது. 1939ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஃபியூச்சராமா' என்ற காட்சிக்கூடத்தை அமைத்தது. நார்மன் பெல் கெடெஸ் வடிவமைத்த அந்தக் குட்டி நகரத்தில், வானொலிக் கட்டுப்பாட்டில் இடைவெளி காத்து ஓடும் கார்கள் காட்டப்பட்டன. 1960ல் உலகம் இப்படித்தான் இருக்கும் என்றார்கள். 1960 வந்தது, போனது. கார்கள் ஊமையாகவே ஓடின.

கனவு தார்ச்சாலைக்கு இறங்கியது 1997 ஆகஸ்ட் மாதத்தில். கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகருக்கு அருகே, 15ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒதுக்கப்பட்ட சுமார் 12 கிலோமீட்டர் தடத்தில், எட்டு பியூயிக் கார்கள் ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டி இருந்தது. இரண்டு கார்களுக்கு இடையிலோ ஆறரை மீட்டர்தான். உள்ளே ஆட்கள் இருந்தார்கள்; ஆனால் கையும் காலும் சும்மா இருந்தன. சாலையில் பதித்த காந்தங்கள் வழிகாட்ட, 'வேகத்தைக் கூட்டுகிறேன், குறைக்கிறேன்' என்று கார்கள் வானொலியில் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே போயின. மனிதக் கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு நொடிக்கு மேல் ஓடிவிடும். அந்த வேகத்தில் ஒரு நொடி என்பது கிட்டத்தட்ட 28 மீட்டர். அதனால்தான் ஆறரை மீட்டர் இடைவெளி பார்த்தவர்களை மலைக்கவைத்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசாங்கம் அந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது.

தானே ஓடும் கார் கைவிடப்பட்டாலும் 'பேசும் கார்' என்ற எண்ணம் பிழைத்தது. ஒவ்வொரு காரும் தான் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது, பிரேக் மிதிக்கப்பட்டதா என்பதை நொடிக்குப் 10 முறை அறிவிக்கும். சுமார் 300 மீட்டர் சுற்றுக்குள் உள்ள கார்கள் அதைக் கேட்டு, மோதும் அபாயம் இருந்தால் தத்தம் ஓட்டுநரை எச்சரிக்கும். கைத்தொலைபேசியைப் போல இடையில் கோபுரம் தேவையில்லை. கார் நேராகக் காருடன் பேசுகிறது. ஓட்டுநர் பெயரோ வண்டி எண்ணோ அந்தச் செய்தியில் இருக்காது. கேமராவும் ராடாரும் கண்ணுக்கு எட்டுவதைத்தான் காணும். லாரிக்கு அந்தப் பக்கம் சடாரென்று நின்ற காரையும், கட்டட மூலைக்குப் பின்னாலிருந்து விரைந்து வரும் வண்டியையும் காட்டிக்கொடுக்க வானொலிதான் வேண்டும்.

1999ல் அமெரிக்கக் கூட்டரசுத் தொடர்பு ஆணையம், 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை வாகனங்களுக்கென்றே ஒதுக்கியது. வீட்டுமனை கிடைத்துவிட்டது. வீடு கட்ட யாரும் வரவில்லை. காரணம் மிகச் சாதாரணமானது. ஊரிலேயே முதல் தொலைபேசி வாங்கியவர் யாரை அழைப்பார்? பேசும் காரை முதலில் வாங்குபவருக்கும் அதே கதிதான். பணம் அவருடையது, கேட்க ஆளில்லை. தயாரிப்பாளர்கள் வாங்குபவரைக் கைகாட்டினார்கள், வாங்குபவர் அரசாங்கத்தைப் பார்த்தார், அரசாங்கம் ஆய்வு செய்துகொண்டிருந்தது.

ஆய்வு பொய்யில்லை. 2012ல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் சுமார் 2,800 வாகனங்களில் கருவிகளைப் பொருத்தி, அன்றாடப் போக்குவரத்தில் ஓடவிட்டார்கள். 2014ல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. சந்திப்பைக் கடக்கும்போதும் எதிர்த்தடத்தைக் குறுக்கிட்டுத் திரும்பும்போதும் எச்சரிக்கும் இரண்டே வசதிகள், ஆண்டுக்கு 592,000 விபத்துகள் வரை தடுத்து 1,083 உயிர்களைக் காக்கலாம் என்றது அது. 2016 டிசம்பரில் எல்லாப் புதுக் கார்களுக்கும் கருவியைக் கட்டாயமாக்கும் விதி முன்மொழியப்பட்டது. வந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

அதற்குள் மொழிச் சண்டை மூண்டது. வைஃபை குடும்பத்தைச் சேர்ந்த பழைய முறை ஒருபுறம், கைத்தொலைபேசித் தொழில்நுட்பத்திலிருந்து பிறந்த புதிய முறை மறுபுறம். ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. டொயோட்டா 2018ல் பழைய முறையைத் தன் அமெரிக்கக் கார்களில் வைப்பதாக அறிவித்து, மறு ஆண்டே நிறுத்திவைத்தது. ஃபோர்டு புதிய முறையின் பக்கம் போனது. இரு தரப்பும் சண்டையிட, காலி மனையாகக் கிடந்த அலைக்கற்றை மீது இணைய நிறுவனங்களுக்குக் கண் விழுந்தது. 2020 நவம்பரில் ஆணையம் 75ல் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திறந்துவிட்டு, மீதி 30ஐப் புதிய முறைக்கு வைத்தது. 2023ல் கட்டாய விதியின் முன்மொழிவும் மீட்டுக்கொள்ளப்பட்டது. வீட்டில் படம் பார்க்கும் வேகம் வென்றது என்று சொன்னால் கொஞ்சம் கடுமைதான். ஆனால் 20 ஆண்டுகள் பயன்படுத்தாமல் வைத்திருந்தவர்கள் மீதும் தவறு இருக்கிறது.

இந்த இடைக்காலத்தில் தானாக பிரேக் போடும் கேமரா, ராடார் வசதிகள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. அவை அண்டை வீட்டுக்காரரின் தயவுக்குக் காத்திருப்பதில்லை. வாங்கிய அன்றே வாங்கியவரைக் காக்கும். அதனால் விற்றன.

ஜப்பான் சத்தமில்லாமல் வேலையைத் தொடங்கியது. அங்கே 2015ல் டொயோட்டா கிரவுன் கார் பேசும் வசதியுடன் விற்பனைக்கு வந்தது. அது பயன்படுத்தும் 760 மெகாஹெர்ட்ஸ், பழைய அனலாக் தொலைக்காட்சி விட்டுச்சென்ற இடம். ஆம்புலன்ஸ் நெருங்குவதையும் அந்தக் கார் முன்கூட்டியே சொல்லும்.

'யார் முதலில்' என்ற சிக்கலைச் சிங்கப்பூர் வேறொரு காரணத்துக்காக முன்பே அவிழ்த்திருந்தது. 1975 ஜூன் 2ஆம் தேதி நகர மையத்துக்குள் உச்சநேரத்தில் நுழையும் கார்களுக்குக் காகித உரிமம் கட்டாயமானது. நாளுக்கு 3 வெள்ளி, மாதத்துக்கு 60 வெள்ளி. எல்லையில் நின்ற காவலர்கள் கண்ணாடியில் ஒட்டிய சீட்டைக் கண்ணாலேயே பார்த்துச் சரிபார்த்தார்கள். நான்கு பேர் இருந்தால் கட்டணமில்லை என்பதால், பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு போன கார்களும் உண்டு. 1998ல் அந்தச் சீட்டின் இடத்தை இஆர்பி பிடித்தது. அதற்காக 600,000க்கும் மேற்பட்ட வண்டிகளில் கருவி பொருத்தப்பட்டது, முதல்முறை இலவசம். மோட்டார் சைக்கிள்களும் விடுபடவில்லை. உலகில் வேறெங்கும் ஒரு நாட்டின் ஏறக்குறைய எல்லா வண்டிகளுக்கும் அவ்வளவு சீக்கிரம் வானொலி வாய் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் அந்த வாய் கட்டண வாயிலிடம் மட்டும்தான் பேசியது. அடுத்த தடத்தில் போகும் வண்டி அதற்கு அந்நியம்.

2016ல் செயற்கைக்கோள் அடிப்படையிலான புதிய இஆர்பிக்கு 556 மில்லியன் வெள்ளி ஒப்பந்தம் வழங்கப்பட்டது. கிருமித்தொற்றும் மின்னணுச் சில்லுத் தட்டுப்பாடும் தாமதப்படுத்த, 2023 நவம்பரில்தான் புதிய கருவியைப் பொருத்தத் தொடங்கினார்கள். கார்களுக்கு மூன்று பாகங்கள் என்றதும் வாகனமோட்டிகள் முணுமுணுத்தார்கள். திரை வேண்டாம் என்பவர்கள் அதைத் தவிர்க்கலாம் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் விட்டுக்கொடுத்தது. மோட்டார் சைக்கிளுக்கு ஒரே பாகம். பள்ளி வட்டாரம் வருகிறது, முன்னே நெரிசல் என்றெல்லாம் கருவி சொல்கிறது. பணப் பேச்சைத் தாண்டி அது பேசும் முதல் சொற்கள் இவை. ஆனாலும் இவை வரைபடத்திலிருந்தும் போக்குவரத்து மையத்திலிருந்தும் வருபவை. அண்டைக் கார் சொல்பவை அல்ல.

அண்டை வண்டியின் குரல் மிக அதிகமாகத் தேவைப்படுவது இரண்டு சக்கரத்தில் போகிறவர்களுக்குத்தான். சிங்கப்பூரின் சாலை மரணங்களில் ஏறத்தாழ பாதி மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னிருக்கைப் பயணிகளும். மலேசியாவில் அது பாதிக்கும் மேல். லாரி ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் விழாத இடத்தில் ஓடுவது அவர்கள்தான். நாடு தழுவிய கருவி பொருத்தும் பணியோ சிங்கப்பூரில் பதிவான வண்டிகளுக்கானது. விடிவதற்கு முன்பே உட்லண்ட்ஸ் பாலத்தில் வரிசை பிடித்து வேலைக்கு வரும் ஆயிரக்கணக்கான ஜோகூர் மோட்டார் சைக்கிள்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் குரல் பக்கத்து லாரியின் காதில் விழவேண்டுமானால், பாலத்தின் இரு முனைகளிலும் ஒரே அலைவரிசையும் ஒரே பேச்சுமுறையும் வேண்டும்.